இரண்டு கார்புரேட்டர் வைத்த எங்கள் வீட்டுக் கார்

முட்டி வலிக்குப் பயந்து மாடிப்படியைக் கண்டால் லிஃப்ட் எங்கே என்று தேடுகிற என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "உம், சொல்லு சொல்லு" என்றபடி செல்போனைத் தடவுகிறார்கள்.

பெங்களூரில் என் மகன் புதிதாக ஒரு கார் வாங்கியிருக்கிறான். நாலு கதவு, பின்னால் ஒரு டிக்கி, பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கும் அதே கார். அப்படிச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது வேற, இது வேறம்மா. இது பெர்ஃபார்மன்ஸ் வெர்ஷன்" என்றான். டிக்கியின் ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு எழுத்து இருந்தது. உள்ளே இருக்கும் என்ஜின் பந்தயக் குதிரையாம். அந்தப் பந்தயக் குதிரையில் ஏறி அவன் வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர எங்களுக்கு அரை நாள் பிடித்தது. அவ்வளவு நெரிசல். நான் சிரித்தேன். "இன்னாம்மா சிரிக்கிற?" என்றான். "இந்த மாதிரி ஒண்ணு நம்ம வீட்லயும் இருந்துச்சிடா, உங்க தாத்தா காலத்துல" என்றேன். அவன் நம்பவில்லை.

நம்ம கோலார் தங்கவயலில் அப்போது தங்கம் இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு மைசூர் மைன்ஸ் பக்கம். பங்களாவில் இருந்த மில் ஃபோர்மன், சட்டைக்காரர் என்று நாம் சொல்லும் ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களில் அவருடைய ஹெரால்டு காரும் ஒன்று. அதை அப்பா வாங்கிக்கொண்டார். என்ன கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் கைகள் மட்டும் கொஞ்ச காலம் காலியாக இருந்தன. துவைத்துத் துவைத்து வெளுத்த யூனிஃபார்ம் போல ஒரு இளநீலம் அந்தக் கார். அதன் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. முன்பக்கம் முழுவதும், சக்கரத்தின் மேல்மூடியோடு சேர்த்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். முதல் தடவை பார்த்தபோது கார் உடைந்துவிட்டது என்று நான் அழுதேன்.

அப்பா சுரங்கத்தில் வைண்டர் டிரைவர். பூமிக்குள் போகும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, மேலிருந்து இறக்கி ஏற்றுகிற வேலை. அவர் கீழே போக வேண்டியதில்லை. என்ஜின் ஹவுஸில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே உள்ள பெரிய தட்டில் முள் நகர்வதைப் பார்த்து, மணியைக் கேட்டு, கைப்பிடியை இழுப்பார். விடுமுறையில் அவருக்குச் சோற்றுக் கேரியர் கொண்டுபோவது என் வேலை. அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பதால் வாசலிலேயே நிற்பேன். எண்ணெய் வாசனையும் வெதுவெதுப்பும் சேர்ந்து எனக்குத் தூக்கம் வரும். மணி அடிக்கும். கல் ஏறியிருந்தால் ஒரு விதமாக அடிக்கும், ஆள் ஏறியிருந்தால் வேறு விதமாக அடிக்கும். கல் என்றால் என்ஜின் தரையே அதிரும்படி உறுமும். ஆள் என்றால் அதே என்ஜின் தாலாட்டுகிற மாதிரி முனகும். கண்ணை மூடிக்கொண்டே எது போகிறது என்று நான் சொல்லிவிடுவேன்.

சைக்கிளிலும் அப்பா அப்படித்தான். தனியாக ஷிஃப்டுக்குப் போகும்போது காற்றாகப் பறப்பார். என்னை முன்பாரில் உட்காரவைத்தால் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். என் எடைதான் காரணம் என்று நினைத்து நான் ஒரு வாரம் தோசையைக் குறைத்திருக்கிறேன். கார் வந்த பிறகும் கதை மாறவில்லை. ஞாயிறு பூசைக்கு ஆண்டர்சன்பேட்டைக்குப் போவோம். குடையை ஊன்றிக்கொண்டு போகிற கிழவர்கூட ஜன்னலில் குனிந்து, "இன்னாப்பா, தள்ளிவுடட்டா?" என்று கேட்பார். நான் முகத்தை மூடிக்கொள்வேன்.

இனி மாமா. அம்மாவின் தம்பி. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு லாரி பட்டறையில் வேலை செய்தார். எங்களோடுதான் இருந்தார். அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்கும் அவருக்கும் அப்பா, எங்கள் தாத்தா, சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கி இருமியே போனவர். அவர் போனபின் அந்த வேலை மகனுக்கு என்று கம்பெனியில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஜூனில் மாமா கீழே இறங்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த வேலை குடும்பத்தை விட்டே போய்விடும். அதை வேண்டாம் என்று சொல்கிறவன் பைத்தியம் என்று ஊரே சொல்லும்.

ஒருநாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, கீழ போறதுன்னா எனக்குப் பயமா கீது. சொன்னா சிரிப்ப."

"இன்னாத்துக்குடா சிரிக்கப் போறேன்? அப்பா இருமி இருமிப் போனத நானுந்தான பாத்தேன்."

அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. முந்தின வருஷம் லாரியோடு மெட்ராஸுக்குப் போனவர், சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்திருக்கிறார். அங்கே ஒருவருடைய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்க, மாமா போய்க் கையை வைத்துச் சரிசெய்திருக்கிறார். அந்த வண்டிக்காரர் மெட்ராஸில் ரேஸ் வண்டிகளைத் தயார் செய்யும் பட்டறைக்காரர். "ஒரு வீட்டுக் காரை எடுத்து நீயே ஓடவை. நான் வந்து பாக்கறேன். சரியா இருந்தா என்கிட்டயே இருந்துடு" என்று சொல்லியிருந்தார். மெட்ராஸ் வேலை கையில் இருந்தால் சுரங்க வேலையை விட்டாலும் யாரும் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். மாமாவுக்கு ஒரு கார் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது.

அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டே, "சீட்டு கிழியாம பாத்துக்கோ மாப்ள" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெள்ளைத் தூசிதான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஏப்ரல் காற்றில், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து மாவு போலக் கிளம்பி, தலையில், தண்ணீர்ப் பானையில், காயப்போட்ட துணியில் எல்லாம் படியும். மத்தியான வெயிலில் மேடுகள் மிதப்பதுபோலத் தெரியும். புங்கமரத்தடியில் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உள்ளே மாமாவின் கால்கள் மட்டும் தெரியும்.

முதலில் பின் சீட்டைக் கழற்றினார், எடை குறைய வேண்டும் என்று. அதை வராந்தாவில் போட்டோம். நான் அதில்தான் மத்தியானம் தூங்குவேன். ரெக்ஸின் சூட்டில் ஒரு இனிப்பு வாசனை வரும். மடிப்பில் கையைவிட்டால் ஃபோர்மன் பிள்ளைகள் விட்டுப்போன பிஸ்கட் தூள், ஒரு பச்சைக் கோலிக்குண்டு, கல் விழுந்த ஒரு ஹேர்பின். கார் இல்லாத கார் சீட்டில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கடல் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருப்பேன். அந்த ஹேர்பினை வெகுகாலம் வைத்திருந்தேன். எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை.

பிறகு பம்பர் போனது. கால்மிதி போனது. பெங்களூர் சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் அலைந்து, இன்னொரு கார்புரேட்டரைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. "ஒரு வாயில துன்றவன் ரெண்டு வாயில துன்னா எப்டி இருக்கும்?" என்று எனக்கு விளக்கினார். என்ஜினின் தலையைக் கழற்றி, ஒரு சிநேகிதரின் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் சீவிக்கொண்டு வந்தார். தூசி உள்ளே போகாமல் வடிகட்ட மெல்லிய துணி வேண்டும் என்றார். அம்மா தன் மெல்லிய வாயல் புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். அவளுக்குப் பிடித்த புடவை அது. பொடிப்பொடியாக நாவல்பழ நிறத்தில் பூப்போட்டது.

ஒருநாள் மாமா காருக்கு அடியில் படுத்திருந்தபோது பூமி குலுங்கியது. நமக்கு அது புதிதா? கீழே எங்கோ பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். அலமாரி ஆடும். ஜாக்கியின் மேல் இருந்த கார் ஒருபக்கம் சாய்ந்தது. மாமா எப்படி வெளியே வந்தார் என்று தெரியவில்லை. சுவரோடு ஒட்டி நின்றார். உதடு வெள்ளையாக இருந்தது. எங்கள் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கீழே யாருக்கும் ஒன்றுமில்லை என்று செய்தி வரும்வரை அப்படியே நின்றார்கள். செய்தி வந்ததும் எல்லாரும் உலை வைக்கப் போனார்கள். மாமா மட்டும் அன்று முழுதும் காரைத் தொடவில்லை. அம்மா அவர் தலையில் கைவைத்து, "நீ போவ வேணாம்டா. இந்தக் காரு உன்னக் கூட்டிட்டுப் போயிடும்" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

மே மாதக் கடைசியில் கார் தயாரானது. மேட்டைச் சுற்றிப் போகும் தெருவில் மாமா தனியாக ஓட்டிப் பார்த்தார். நாங்கள் பிள்ளைகள் மேட்டின் விளிம்பில் நின்றோம். முதலில் சத்தம்தான் வந்தது, பெரிய துணியைக் கிழிப்பது போல. பிறகு ஒரு நீலக் கோடு. அதன் பின்னால் வெள்ளைத் தூசி எழுந்து, வெகுநேரம் கலையாமல் நின்றது. எங்கள் வீட்டுக் காரா அது என்று இருந்தது. என்னை ஒருதடவை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி மாமாவின் காலைப் பிடித்தேன். "மெட்ராஸ்காரர் வந்து போவட்டும், உன்ன வானத்துல ஓட்டிக் காட்டறேன்" என்றார்.

மெட்ராஸ்காரர் ஒரு சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. எப்போதோ பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து அவருக்கு இடது கால் மடங்காது. கிளட்சை மிதிக்க முடியாது என்பதால் அவர் கார் ஓட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பார். அவர் வருவதற்குச் சற்று முன்னால் அவசரத்தில் மாமா சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் பீறிட்டு மாமாவின் இடதுகை முழுவதும் வெந்துபோனது. அம்மா வாழையிலை வைத்துக் கட்டினாள். அந்தக் கையால் கியரைப் பிடிக்க முடியாது. வேறு யாருக்கு அந்தக் காரைத் தெரியும்? அப்பாவுக்குத்தான்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அவர் காதருகே போய், "இன்னிக்கு ஒருநாள் நல்லா மிதிச்சி ஓட்டுங்க. அவன் பொழப்பு கீது இதுல" என்றாள்.

"தெரியுது. ஓட்டறேன்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு உறுதி இருந்தது.

அப்பாவும் மெட்ராஸ்காரரும் முன்னால் உட்கார, கார் போனது. நானும் மாமாவும் மேட்டுக்கு ஓடினோம். துணி கிழிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. வெகுநேரம் கழித்து வளைவில் நீலம் தெரிந்தது. பூசைக்குப் போகும் வேகத்தில் வந்தது. எங்களுக்குக் கீழே அது கடந்து போனபோது மெட்ராஸ்காரர் ஏதோ சொல்வதும், அப்பா தலையை ஆட்டுவதும் தெரிந்தன. ஒரு துளித் தூசி எழவில்லை. மாமா கட்டுப்போட்ட கையால் தன் தொடையில் குத்திக்கொண்டே இருந்தார். வலி தெரியாமல் குத்தினார்.

வீட்டுக்கு வந்து மெட்ராஸ்காரர் காப்பி குடித்தார். நல்ல மனுஷர், முகத்தைச் சுளிக்கவில்லை. "வேலை சுத்தமா இருக்கு தம்பி. குடும்பத்துக்கு ஏத்த வண்டி. ஆனா எனக்கு வேண்டியது வேற" என்றார். மாமா, "சார், இன்னொரு தடவ..." என்று ஆரம்பித்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரயில் போயிடும்பா" என்று எழுந்துவிட்டார். ஜட்கா அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அப்பா முற்றத்தில் நின்று தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று போய்க் காரில் ஏறினார், தனியாக. அடுத்த நிமிஷம் தெரு அதிர்ந்தது. கல் ஏறியிருக்கும்போது என்ஜின் ஹவுஸ் தரை எப்படி அதிருமோ அப்படி. நாங்கள் வாசலில் நின்றபடியே பார்த்தோம். மாமா ஓட்டியதெல்லாம் ஒன்றுமில்லை. மேட்டின் வளைவில் கார் வழுக்கிக்கொண்டே திரும்பியது. தூசி சுவராக எழுந்து மாலை வெயிலைச் சிவப்பாக்கியது. அதற்குள் நீலம் மறைந்தும் தெரிந்தும், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பக்கத்து லைன்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. அவ்வளவு அழகாக ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அப்பா வந்து, புங்கமரத்தடியில் ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தி, இறங்கினார். "ஓடுது மாப்ள. நல்லாத்தான் ஓடுது" என்றார்.

"ஏன் மாமா அப்ப ஓட்டல?" என்று மாமா கேட்டார்.

"ஆளு உக்காந்திருந்தாரு மாப்ள. மிதிக்கணும்னுதான் நெனச்சேன். கால் போவல."

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. "அது இன்னா கேஜா? காரு. ஓட்டத் தெரியாதுன்னு நெனச்சேன், மன்னிச்சிருப்பேன். நல்லாத் தெரிஞ்சிகீது உங்களுக்கு. அவன் மெட்ராஸுக்குப் போயிட்டா எங்க அப்பா வேல கைய வுட்டுப் போயிடும்னு கணக்குப் போட்டு ஓட்டிகீறீங்க" என்றாள்.

அப்பா காரின் கதவைச் சாத்தினார். கால் போகவில்லை என்று அவர் சொன்னதுதான் முழு உண்மை என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எனக்கும் அம்மா சொன்னதுதான் சரி என்று பட்டது. லைனிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மச்சான் மேல் பொறாமை என்றார்கள். சுரங்க வேலை வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று செய்தான் என்றார்கள். அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். சோற்றைப் போட்டு, தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுவாள்.

மாமா மெட்ராஸுக்கு எழுதினார். பதில் இல்லை. கை ஆறியதும் இரண்டாவது கார்புரேட்டரை அவரே கழற்றினார். பின் சீட்டைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தார். பம்பரை மாட்டினார். நான் வராந்தாவில் வெறும் தரையில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் மறுபடி பூசைக்குப் போகிற கார் ஆகிவிட்டது. சில வருஷம் கழித்து பங்காருபேட்டைக்காரர் ஒருவர் கல்யாண வாடகைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு காலத்தில் அதற்குள் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் வந்தது. மாமா சேர வேண்டிய நாள் காலை ஷிஃப்ட். புதுத் தொப்பி, புது பூட்ஸ். முந்தின நாள் சாப்பிட்டது எல்லாம் விடியற்காலையில் வாந்தியாக வந்துவிட்டது. அம்மா அவர் முகத்தைத் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். அப்பாவை வீட்டில் காணோம். அந்த வாரம் அவருக்கு மத்தியான ஷிஃப்ட்தான். "இந்த நாளாவது கூட நிக்கக் கூடாதா?" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போது எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவள் புருஷனும் வைண்டர் டிரைவர்தான். "எங்க ஊட்டுக்காரரு இன்னும் தூங்கறாரு. உங்க ஊட்டுக்காரருதான் ராத்திரி வந்து, காலைல நான் போறேன்னு கெஞ்சிக் கேட்டு ஷிஃப்ட மாத்திக்கினாராம். உனக்குத் தெரியாதா?" என்றாள்.

அம்மா விடுவிடென்று தெருவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்டின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரம் எங்கள் தெருமுனையிலிருந்து தெரியும். அதன் உச்சியில் கேஜின் கம்பி ஓடும் பெரிய சக்கரம். கல் ஏறும்போது அதன் ஆரக்கால்கள் கண்ணுக்கே தெரியாது. ஆள் இறங்கும்போது மங்கலாகத் தெரியும். அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஹூட்டர் ஊதியது. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

ஆரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஈரம் பட்டு மின்னுவதுகூடத் தெரிந்தது. நின்றுவிட்டதோ என்று நினைத்தால், மெல்ல அடுத்த ஆரம் மேலே வரும். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ஜின்ல ஏதோ ரிப்பேரு" என்று ஒருவர் சொன்னார். அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, அது நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நனைந்துகொண்டே பார்த்தாள்.

ஷிஃப்ட் முடிந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள். மற்ற கேஜ்கள் எல்லாம் தாமதமாகி, அப்பாவை மேலிடத்தில் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். அவருடைய சர்வீஸில் அதுதான் முதலும் கடைசியும். மாமா அதற்குப் பிறகு சுரங்கம் மூடும்வரை கீழே போய் வந்தார். பயம் அவரை விடவே இல்லை. எனக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு, கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாமா, எறங்கினதே தெரியல. கதவத் தொறந்தாங்க, கீழ இருந்தேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை வாய்க்குப் போகவில்லை. கண்ணீர் சொட்டி மீசையில் நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"சாப்புடுங்க" என்றாள். "ஆறிப்போவுது."